‘கிளிக்’ சத்தம் மட்டும் வருகிறது, தோட்டா வெடிக்கவில்லை: ஸ்ட்ரைக்கர் பிஸ்டல் உதவி தேவை

ஹியூஸ்டன்_குமரன்:
வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வாங்கினேன், ஸ்ட்ரைக்கர் வகை (உள்ளே ஸ்பிரிங் விசையில் ஓர் ஊசி பாய்ந்து தோட்டாவை அடிக்கும்). ரேஞ்சில் அவ்வப்போது ‘கிளிக்’ என்பதோடு நின்றுவிடுகிறது. பிரைமரில் (அடி பட்டதும் தீப்பற்றும், தோட்டாவின் அடியில் உள்ள சிறு மூடி) லேசான பள்ளம் விழுந்திருக்கிறது. அதே தோட்டாவை மச்சானின் ஹேமர் பிஸ்டலில் (பின்னால் சுத்தியல் போன்ற பாகம் அடிக்கும் வகை) போட்டால் வெடிக்கிறது. அப்படியென்றால் தோட்டா நல்லதுதானே? அவருடையதில் கிளிக் வந்தால் ட்ரிகரை மறுபடி இழுக்கலாமாம். என்னுடையதில் ட்ரிகர் செத்துக் கிடக்கிறது. ஹேமருக்கே மாறிவிடலாமா?

ஸ்பிரிங்_சாமி:
பொறுங்க குமரன். மச்சான் துப்பாக்கியில் வெடித்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது இரண்டாவது அடி. பிரைமர் சரியாக உட்காராத தோட்டாவாக இருந்தால் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிவிடும், அடுத்த அடியில் எந்தத் துப்பாக்கியிலும் வெடிக்கும். ஒரே பெட்டியிலிருந்து அடி படாத தோட்டாக்களை எடுத்து இரண்டிலும் சுட்டுப் பாருங்கள்.

ட்ரிகர் செத்துக் கிடப்பது கோளாறே இல்லை. பெரெட்டா 92, சிஇசட் 75 போன்ற டபுள் ஆக்‌ஷன் பிஸ்டல்களில் ட்ரிகரே ஹேமரைத் தூக்கி அடிக்கும். க்ளாக் வகை ஸ்ட்ரைக்கர் பிஸ்டலில் ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) அசைந்தால்தான் ஸ்ட்ரைக்கர் பாதி இழுபடும், மீதியைத்தான் ட்ரிகர் இழுக்கிறது. இதற்கும் விதிவிலக்கு உண்டு: வால்தர் பி99-இன் டபுள் ஆக்‌ஷன் மாடல் ஸ்ட்ரைக்கர்தான், ஆனால் மறுபடி இழுக்கலாம். 1911 என்ற மாடல் பிஸ்டலில் ஹேமர் இருந்தும் ட்ரிகரால் அதைத் தூக்க முடியாது, கட்டைவிரலால்தான் தூக்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஹேமர் பிஸ்டலில் ஸ்லைடு பின்னால் போகும்போதே ஹேமர் பின்னால் மடங்கி அடிக்கத் தயாராகிவிடும். க்ளாக் வகையில் ஸ்லைடு முன்னால் திரும்பி வரும்போதுதான் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் அழுந்துகிறது. ஸ்லைடை மூட வேண்டிய ரீகாயில் ஸ்பிரிங் அந்த எதிர்ப்பையும் சேர்த்துத் தள்ள வேண்டும். அது தளர்ந்திருந்தால் ஸ்லைடு ஒரு மயிரிழை மூடாமல் நிற்கும், அடி லேசாகத்தான் விழும். பலர் இது தெரியாமல் ஸ்ட்ரைக்கரையே மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள்.

ரேஞ்ச்_ராணி:
ஸ்ட்ரைக்கர் ஓடும் குழாயையும் பாருங்க. அங்கே எண்ணெய் விடவே கூடாது. எண்ணெயும் புகைக்கரியும் சேர்ந்து களிம்பாகி வேகத்தைக் குறைத்துவிடும். செகண்ட் ஹேண்டில் இது சகஜம். ட்ரிகர் லேசாக இருக்க வேண்டும் என்று முன்னால் வைத்திருந்தவர் மெலிந்த ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று: கிளிக் வந்தால் உடனே ஸ்லைடை இழுக்காதீங்க. குறியை நோக்கியே 30 விநாடி பிடித்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். ‘புஸ்’ என்று மெல்லிய சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம்.

ஹியூஸ்டன்_குமரன்:
நன்றி சாமி அண்ணா, ராணி அக்கா. ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்பிரிங்_சாமி:
மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். க்ளாக் வகை என்றால், குழலைப் பாதுகாப்பான திசையில் மேல்நோக்கிச் சாய்த்து, ட்ரிகரை அமுக்கிப் பிடித்தபடியே ஸ்லைடைப் பின்னால் இழுத்து மெதுவாக விடுங்கள். முழுசாக மூடாமல் நின்றால் ஸ்பிரிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஹியூஸ்டன்_குமரன்:
பார்த்துவிட்டேன், மூடாமல் பாதியில் நிற்கிறது! உள்ளே எண்ணெய்க் களிம்பும் இருந்தது. துடைத்துவிட்டு, கம்பெனி ஸ்பிரிங் ஆர்டர் போட்டிருக்கிறேன்.

மதுரைக்காரன்_டல்லாஸ்:
இடையில் ஒரு சந்தேகம். என் ஹேமர் பிஸ்டலில் காலிக்கூடு வெளியே போகாமல் ஸ்லைடில் செங்குத்தாகச் சிக்குகிறது. இதுவும் அடி லேசாக விழுவதாலா?

ஸ்பிரிங்_சாமி:
இல்லை. கூடு காலியாகிவிட்டதே, அடி அதன் வேலையை முடித்துவிட்டது. கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, அதை வெளியே தள்ளும் எஜெக்டர், பலவீனமான தோட்டா, சுடும்போது தளர்ந்த மணிக்கட்டு, இவற்றில் தேடுங்கள். இது ஸ்ட்ரைக்கரிலும் இதே மாதிரிதான் வரும். தனி இழை போடுங்க, படத்தோடு பார்க்கலாம்.