குரோமை ரீசெட் செய்தால் சேமித்து வைத்த பாஸ்வேர்டெல்லாம் போய்விடுமா?

மேலூர் ஜெராக்ஸ்
வணக்கம். மேலூரில் ஜெராக்ஸ் கடை, கூடவே ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருகிறோம். விண்டோஸ் 10, குரோம். கடைப் பையன் பிடிஎஃப் சைஸைக் குறைக்க ஏதோ எக்ஸ்டென்ஷன் போட்டதிலிருந்து, எதைத் தேடினாலும் கூகுளுக்குப் போகாமல் பேர் தெரியாத ஒரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. போதாததற்கு வலது பக்கம் கீழ் மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று ஓயாமல் குதிக்கிறது, வருமானச் சான்றுக்கு ஆதாரைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். அன்இன்ஸ்டால் பண்ணித் திரும்பப் போட்டும் அதே கதை. ரீசெட் செய்தால் சரியாகுமாம், ஆனால் பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் அதில்தான் இருக்கிறது. போய்விடுமா?

கோரிப்பாளையம் சர்வீஸ்
போகாதுண்ணே. புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு மூன்றையும் ரீசெட் தொடாது. மூன்று புள்ளி, செட்டிங்ஸ், இடது பக்கப் பட்டியலில் கீழே ‘ரீசெட் செட்டிங்ஸ்’, அவ்வளவுதான். தேடுபொறி, முதல் பக்கம், ‘பின்’ (pin) பண்ணி நிலையாக வைத்த டேப்கள் பழைய நிலைக்கு வரும், எக்ஸ்டென்ஷன் எல்லாம் அணைந்துவிடும். அணையும், அழியாது, அந்த பிடிஎஃப் சனியனை எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போய் நீங்கள்தான் ரிமூவ் செய்யவேண்டும். குக்கீயும் (லாகினை ஞாபகம் வைக்க சைட்டுகள் விட்டுவைக்கிற குறிப்பு) போவதால் எல்லா சைட்டிலும் மறுபடி லாகின் கேட்கும், பாஸ்வேர்டு பாதி ஞாபகத்திலும் ஓடிபி யாரோ ஒருவர் போனிலும் இருக்கிற கடை என்றால் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். ரசீது பாப்அப்பில் திறக்கிற சைட்டுகளுக்கு அனுமதியும் திரும்பக் கொடுக்கணும்.

அன்இன்ஸ்டால் ஏன் பலிக்கவில்லை என்றால், நீக்கும்போது ‘பிரவுசிங் டேட்டாவையும் அழி’ என்று டிக் போடாவிட்டால் உங்கள் புரொஃபைல் கணினியிலேயே கிடக்கும், புதிதாகப் போட்ட குரோம் அதையே எடுத்துக்கொள்ளும்.

திருமங்கலத்துக்காரி
மூலையில் குதிப்பது வைரஸ் இல்லை. ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்’ என்று ஏதோ ஒரு சைட் கேட்டிருக்கும், யாரோ அழுத்தியிருப்பார்கள். அதற்கு மட்டும் என்றால் ரீசெட்டே வேண்டாம்: பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், அங்கே ‘அலவ்’ வரிசையில் இருக்கிற தெரியாத பெயர்களை எடுத்துவிடுங்கள். அந்த வைரஸ் எச்சரிக்கையில் போன் நம்பர் வந்தால் யாரும் கூப்பிட வேண்டாம், பையனிடமும் சொல்லிவையுங்கள்.

மனநிம்மதிக்காக பாஸ்வேர்டை எக்ஸ்போர்ட் செய்து வைக்கலாம், ஆனால் அந்த சிஎஸ்வி ஃபைலில் எல்லாம் பச்சையாகத் தெரியும். ஊரே பென்டிரைவ் சொருகுகிற மெஷினில் அதை டவுன்லோட்ஸில் விட்டுவைக்காதீர்கள்.

மேலூர் ஜெராக்ஸ்
நோட்டிஃபிகேஷன் நின்றது, நன்றிக்கா. ரீசெட்டும் செய்தேன், பாஸ்வேர்டு பத்திரம். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தத் தேடல் பக்கம் திரும்ப வந்துவிட்டது. மூன்று புள்ளி மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வேறு. நம்ம கடைக்கு ஏதுங்க நிறுவனம்?

கோரிப்பாளையம் சர்வீஸ்
அதுதான் ஆளு. கம்பெனிகள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்த வைத்திருக்கிற பாலிசி வசதியை, தேடலை இழுத்துப் போகிற ஏதோ ஒரு புரோகிராம் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கிற இடம்) எழுதிவைத்திருக்கிறது. பாலிசியை ரீசெட்டால் அசைக்க முடியாது. சில ஆன்டிவைரஸும் இந்த வரியைக் கொண்டுவரும், அதனால் முதலில் பாருங்கள்: அட்ரஸ் பாரில் ஆங்கிலத்தில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று இடைவெளி விடாமல் அடித்தால் பட்டியல் வரும். தேடுபொறியோ எக்ஸ்டென்ஷனோ அதில் இருந்தால், கன்ட்ரோல் பேனலில் அந்த சமயத்தில் வந்து உட்கார்ந்த புரோகிராமை நீக்கி, விண்டோஸ் டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் போடுங்கள். அப்புறமும் வரி நின்றால் ரிஜிஸ்ட்ரியில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்கிற கீயை அழிக்கணும். பழக்கம் இல்லாவிட்டால் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அதெல்லாம் முடித்துவிட்டு ரீசெட்டை இன்னொரு தடவை.

வீட்டிலும் இதே ஜிமெயிலில் குரோம் ஓடுகிறதா? சிங்க் (ஒரே கணக்கில் ஓடுகிற குரோம்களை ஒன்றுபோல வைக்கிற வசதி) வழியாக அங்கிருந்து எக்ஸ்டென்ஷன் திரும்ப இங்கிட்டு வந்துவிடும், அங்கேயும் நீக்குங்கள்.

மேலூர் ஜெராக்ஸ்
பட்டியலில் தேடுபொறி பெயர் இருக்கிறதுண்ணே, ‘டிரைவர் அப்டேட்’ என்று ஒரு புரோகிராமும் அதே தேதியில். நீக்கிவிட்டேன், ஸ்கேன் ஓடுகிறது. போன் குரோமில் இந்த ரீசெட் பட்டன் எங்கே?

திருமங்கலத்துக்காரி
ஆண்ட்ராய்டில் அந்தப் பட்டன் கிடையாது. போன் செட்டிங்ஸ், ஆப்ஸ், குரோம், ஸ்டோரேஜ் போய் டேட்டாவை அழிக்கலாம், ஆனால் அது ரீசெட் மாதிரி இல்லை, சிங்க் ஆகாத புக்மார்க்கும் சேர்ந்து போகும். சிங்க் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.