மெயின் ஃபியூஸை மாற்றினால் ஆம்ப்ளிஃபையரின் ஒலி மேம்படுமா? ரீங்காரமும் சொடுக்கு ஒலியும் இருக்கின்றன, உதவி தேவை

தம்புரா எழுதியது (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர் பல ஆண்டுகளாகக் குறையின்றி ஓடிக்கொண்டிருந்தது. அண்மைக் காலமாக மூன்று தொல்லைகள் தென்படுகின்றன. மாலை நேரங்களில் ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த ரீங்காரம் கேட்கிறது. எப்போதாவது ‘டிக்’கென்று ஒரு சொடுக்கு ஒலி ஸ்பீக்கரில் வருகிறது, அந்தக் கணத்தில் முகப்பு விளக்கும் மங்கி மீள்கிறது. இவை இரண்டும் இல்லாத வேளையிலும் பாடுபவரின் குரல் முன்புபோல நிறைவாக இல்லாமல் மெலிந்து ஒலிப்பதாகப் படுகிறது.

ஆடியோ கருவிகள் விற்பவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான் என்றும், வெள்ளி இழையும் தங்க முலாம் பூசிய மூடிகளும் கொண்ட, உறைகுளிரில் பதப்படுத்திய ஃபியூஸைப் போட்டு, அதன்மேல் உள்ள அம்புக்குறி கருவியை நோக்கி இருக்குமாறு பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் உறுதியாகச் சொன்னார். சாதாரண ஃபியூஸின் விலையோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு. இப்போது ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸ் ஹோல்டரில் இருப்பது 20 மி.மீ. நீளமுள்ள கண்ணாடி ஃபியூஸ். அதன் மூடியில் ‘டி 3.15 ஏ எல் 250 வி’ என்று பொறித்திருக்கிறது. வாங்கலாமா, வாங்கினால் பாதுகாப்பானதா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நேர்மின் எழுதியது:

வணக்கம் நண்பரே. பொறுங்கள், இன்னும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றில் ஒன்று மட்டுமே ஃபியூஸ் இருக்கும் இடத்தோடு தொடர்புடையதாகத் தெரிகிறது. அதிலும் குற்றம் ஃபியூஸின்மேல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் அளவிலுள்ள ஃபியூஸின் மின்தடை சில பத்து மில்லி ஓம்தான். 30 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபையர் 2 ஆம்பியர் இழுக்கும்போதுகூட அதில் இழக்கப்படுவது 60 மில்லிவோல்ட். 230 வோல்ட்டில் இது, ஒலி அளவாகக் கணக்கிட்டால், ஒரு டெசிபலில் நானூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலும், ஃபியூஸின் வழியாகப் பாய்வது இசை அல்ல. அந்த மின்சாரம் ட்ரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, ரெக்டிஃபையரில் நேர்திசையாகி, பெரிய கெபாசிட்டர்களில் தேங்கி, அங்கிருந்துதான் ஸ்பீக்கருக்கான ஆற்றலாகச் செல்கிறது. மின் இணைப்பின் மின்னழுத்தம் ஒரே நாளில் பல வோல்ட் ஏறி இறங்குவதையே தாங்கிக்கொண்டு ஒலி மாறாமல் பாடுமாறு வடிவமைக்கப்பட்ட கருவி, அந்த 60 மில்லிவோல்ட்டைக் கண்டுகொள்ளாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சுவருக்குள் ஓடும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 12 மில்லி ஓம். மீட்டர் பெட்டியிலிருந்து சாக்கெட் வரை 15 மீட்டர் என்றால், போகவும் வரவும் 30 மீட்டர். அதாவது 360 மில்லி ஓம். ஊரிலிருந்து வரும் நீண்ட குழாயை அப்படியே விட்டுவிட்டு, கடைசி விரற்கடை நீளத்தை மட்டும் வெள்ளியால் செய்து போட்டால் தண்ணீரின் வேகம் எவ்வளவு கூடும்? வெள்ளிக்கும் செம்புக்கும் மின்கடத்தும் திறனில் உள்ள வேறுபாடே ஆறு விழுக்காடு அளவில்தான் இருக்கிறது.

அம்புக்குறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு நூறு முறை திசை மாறுகிறது. அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை.

இப்போது நீங்கள் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். ரீங்காரம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, ஆம்ப்ளிஃபையர் பெட்டியிலிருந்தே வருகிறதா? வால்யூமை முழுவதும் குறைத்தால் அது மாறுகிறதா? அடுத்து, ப்ளக்கைச் சாக்கெட்டிலிருந்து முற்றிலும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து திருகித் திறக்கும் அந்த ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்து, ஃபியூஸின் இரு மூடிகளும் பளபளப்பாக இருக்கின்றனவா, கருத்திருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டாம்; உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆபத்தான அளவு மின்னூட்டம் தேங்கி நிற்கும்.

செவிச்செல்வம் எழுதியது:

நேர்மின் அவர்களின் கணக்கை மதிக்கிறேன். ஆனால் என் அனுபவத்தையும் பதிவு செய்வது நியாயம் என்று எண்ணுகிறேன். என் ஆம்ப்ளிஃபையரில் இத்தகைய ஃபியூஸைப் போட்டபோது பாஸ் இறுக்கமானது, வாத்தியங்களுக்கு இடையே இடைவெளி தெளிந்தது. வீட்டில் இருந்த மற்றவரும் அதையே சொன்னார். எல்லாவற்றையும் அளவுகருவி காட்டிவிடுமா என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது. மேலும், ஃபியூஸின் இழை சூடாகும்போது அதன் மின்தடை மாறும் என்பது இயற்பியல்தானே? அது ஒலியில் தடம் பதிக்காது என்று எப்படி முடிவு கட்ட முடியும்?

நேர்மின் எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும். ஃபியூஸ் ஒலியைக் கெடுக்கும் இடம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. சில ஆம்ப்ளிஃபையர்களில் ஸ்பீக்கரைக் காப்பதற்காக வெளியீட்டு வழியிலேயே ஃபியூஸ் வைத்திருப்பார்கள். அங்கே இசையின் மின்னோட்டமே இழையின் வழியாக ஓடுகிறது. தாழ்ந்த சுரங்களில், அதாவது 20, 30 ஹெர்ட்ஸ் அளவில், அலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தோடும் இழை சூடாகிக் குளிர்வதற்கு நேரம் கிடைத்துவிடுகிறது. மின்தடையும் அதே தாளத்தில் ஏறி இறங்குகிறது. விளைவாக மூன்றாம் ஹார்மோனிக் சிதைவு, அதாவது மூல அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் ஒரு வேண்டாத ஒலி, பிறக்கிறது. இதை அளவுகருவியில் தெளிவாகக் காணலாம். அதனால்தான் கவனமாக வடிவமைப்பவர்கள் அந்த இடத்தில் ஃபியூஸைத் தவிர்த்து, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்த பாதுகாப்புச் சுற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

மெயின் ஃபியூஸில் நிகழும் வெப்ப மாற்றமும் உண்மையே. ஆனால் அதற்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ட்ரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், கெபாசிட்டர் தொகுதி, மின்வழங்கியின் ஏற்ற இறக்கத்தைப் புறந்தள்ளும் ஆம்ப்ளிஃபையர் சுற்று என்று அத்தனை அரண்கள் இருக்கின்றன.

நீங்கள் கேட்ட மாற்றத்தை நான் பொய்யென்று சொல்லவில்லை. ஃபியூஸை மாற்றும்போது நாம் ஒரு பொருளை மட்டும் மாற்றுவதில்லை என்பதையே சொல்ல வருகிறேன். பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகும்போது ஹோல்டரின் தொடுமுனைகளில் படிந்த களிம்பு உராய்ந்து நீங்குகிறது. கருவி அணைந்து மீண்டும் ஓடுகிறது. வால்யூம் திருகு முன்பிருந்த இடத்துக்கு மயிரிழை தவறி வருகிறது. அரை டெசிபல் கூடினால் நம் காது அதை ‘சத்தம் கூடியது’ என்று உணராது, ‘தெளிவு கூடியது’ என்றே உணரும். எதை எதிர்பார்த்து அமர்கிறோமோ அதைத் தேடிக் கேட்கும் பழக்கமும் எல்லோருடைய செவிக்கும் உண்டு, எனக்கும் உண்டு. எனவே எந்த ஃபியூஸ் உள்ளே இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாதபடி, வேறொருவர் ஒவ்வொரு சுற்றுக்கும் நாணயம் சுண்டி முடிவு செய்து மாற்றிக் கொடுக்க, ஒலி அளவை 0.1 டெசிபலுக்குள் ஒன்றாக வைத்துச் சோதிக்க வேண்டும். பதினாறு சுற்றில் பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், அது வெறும் குருட்டாம்போக்கில் நிகழ 4 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. அப்போது நாம் மேற்கொண்டு பேச ஒரு பிடிப்புக் கிடைக்கும்.

தம்புரா எழுதியது:

இருவருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்தேன். ரீங்காரம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. பெட்டியின்மேல் கை வைத்தால் அதிர்வே தெரிகிறது. வால்யூமைக் குறைத்தாலும் கூட்டினாலும் அது மாறவில்லை. ஃபியூஸின் ஒரு மூடி பளபளப்பாகவும், மற்றொன்று பழுப்பேறி விளிம்பில் கருத்தும் இருக்கிறது. ஹோல்டருக்குள் அந்த முனையைத் தொடும் வில்தகடு தளர்ந்து, ஃபியூஸைச் செருகும்போது பிடிப்பே இல்லாததுபோல் இருந்தது.

பழைய ரேடியோ எழுதியது:

பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன். உங்கள் ‘டிக்’ ஒலிக்கு விடை அந்தக் கருத்த மூடியில் இருக்கிறது. வில்தகடு தளர்ந்தால் தொடுமுனையில் மின்தடை கூடும். அதனால் சூடு கூடும். சூட்டில் தகட்டின் விறைப்பு இன்னும் குறையும். கடைசியில் அந்தச் சிறு இடைவெளியில் பொறி பறக்கத் தொடங்கும். நீங்கள் கேட்டது அந்தப் பொறியைத்தான், விளக்கு மங்கியதும் அதனால்தான். இந்த நிலையில் எவ்வளவு உயர்ந்த ஃபியூஸைப் போட்டாலும் சில நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றி, அதன் தங்க முலாமும் கருத்துப்போகும். மாற்ற வேண்டியது ஹோல்டரை. இது லூஸ் காண்டாக்ட் மட்டுமல்ல, தீப்பிடிக்கக் காரணமாகக்கூடிய குறை. ஆகவே தகுந்த தொழில்நுட்பப் பணியாளர் ஹோல்டரை மாற்றித் தரும் வரை அந்தக் கருவியை ஓட்டாதீர்கள்.

ரீங்காரம் வேறு கதை. ஸ்பீக்கரில் வந்து வால்யூமோடு கூடினால் எர்த் லூப்பை, அதாவது இணைத்த கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகி இரைச்சலை உள்ளே விடுவதை, சந்தேகித்திருப்பேன். அப்போது இணைத்திருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். பெட்டியே அதிர்கிறது என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வளைய வடிவ டொராய்டல் ட்ரான்ஸ்ஃபார்மர். அதன் உள்ளகத்தில் காற்றிடைவெளி இல்லாததால், மெயின்ஸில் (வீட்டு மின் இணைப்பில்) ஒரு வோல்ட்டுக்கும் குறைவான நேர்திசை மின்னழுத்தம் கலந்தாலே ஒரு பக்கமாகக் காந்தச் செறிவு அடைந்து, அதாவது மேற்கொண்டு காந்தமேற முடியாத நிலையை எட்டி, உறும ஆரம்பிக்கும். அலையின் பாதியை மட்டும் பயன்படுத்தும் சாதனங்களே அதைக் கலந்துவிடுகின்றன. பாதிச் சூட்டில் ஓடும் சில ஹேர் டிரையர்கள் இதற்குப் பேர்போனவை. மாலையில் மட்டும் வருகிறது என்பது இந்த ஊகத்தோடு பொருந்துகிறது. ஃபியூஸ் இதைத் தடுக்கவே முடியாது, ஏனென்றால் நேர்திசைக்கும் மாறுதிசைக்கும் அது ஒரே மாதிரி வழிவிடும். தேவைப்பட்டால் கெபாசிட்டர்களும் டயோடுகளும் கொண்டு நேர்திசை மின்னழுத்தத்தைத் தடுக்கும் டிசி பிளாக்கரை முறையாகச் செய்யப்பட்ட வடிவில் வைக்கலாம். ஒரு வேண்டுகோள்: ரீங்காரம் போகும் என்று யாராவது சொன்னாலும் எர்த் கம்பியை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

தம்புரா எழுதியது:

ஹோல்டரைத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் மாற்றிக் கொடுத்தார். பழையதைப் பிரித்துக் காட்டியபோது தகட்டின் நுனியில் ஊசிமுனை அளவு குழிகள் தெரிந்தன. அதே குறியீடு கொண்ட சாதாரண ஃபியூஸைப் போட்ட பிறகு ‘டிக்’ ஒலி வரவில்லை. ரீங்காரத்தைப் பொறுத்தவரை, வீட்டில் ஹேர் டிரையரைப் பாதிச் சூட்டில் போட்டதும் உறுமல் எழுகிறது, முழுச் சூட்டுக்கு மாற்றியதும் அடங்கிவிடுகிறது. இனி மிச்சம் இருப்பது குரலின் மெலிவு ஒன்றுதான். அதற்காகவாவது அந்த ஃபியூஸை முயலலாமா? முயன்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

நேர்மின் எழுதியது:

உறுமலுக்குக் காரணம் தெளிவாகிவிட்டது, மகிழ்ச்சி. குரல் மெலிவுக்கு முதலில் ஸ்பீக்கர்களை நகர்த்திப் பாருங்கள். பின்சுவரிலிருந்து உள்ள தூரத்தை ஒரு சாண் குறைத்தாலோ கூட்டினாலோ தாழ்ந்த சுரங்களில் சில டெசிபல் வரை மாறும். ஃபியூஸுக்கு நான் கணக்கிட்டுச் சொன்ன அளவைவிட அது ஆயிரம் மடங்குக்கு மேல். இரு ஸ்பீக்கர்களின் வயர்களும் கூட்டல், கழித்தல் மாறாமல் மாட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பழுதுக்குப் போய்வந்த கருவியில் ஒன்று மாறியிருந்தால் நடுவில் நிற்க வேண்டிய குரல் கரைந்து பாஸும் மெலிந்துவிடும்.

அதன் பிறகும் ஃபியூஸை முயல விரும்பினால் தடுக்க மாட்டேன். ஆனால் குறியீட்டில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. ‘டி’ என்பது தாமதித்து உருகும் வகை. கருவியை ஆன் செய்யும் கணத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் பெரும் மின்னோட்டத்தை அது பொறுத்துக்கொள்ளும், ‘எஃப்’ வகை பொறுக்காமல் உருகிவிடும். 3.15 ஆம்பியருக்குப் பதில் 5 ஆம்பியர் போட்டால் ஒலி ‘திறந்துகொள்ளும்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பழுது வரும் நாளில் ஃபியூஸுக்கு முன் ட்ரான்ஸ்ஃபார்மர் எரியக்கூடும். ‘எல்’ என்பது குறைந்த துண்டிப்புத் திறன். பழுதின்போது ஃபியூஸ் பாதுகாப்பாக அறுக்கக்கூடிய உச்ச மின்னோட்டமே துண்டிப்புத் திறன். ‘எல்’ வகைக்கு அது 35 ஆம்பியர் அல்லது குறிப்பிட்ட அளவின் பத்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. மணல் நிரப்பிய பீங்கான் உடலுள்ள ‘எச்’ வகை 1500 ஆம்பியரை அறுக்கும். ஆகவே ‘எல்’ இருந்த இடத்தில் அதே ஆம்பியர், அதே ‘டி’ வகை ‘எச்’ போடலாம். ‘எச்’ இருந்த இடத்தில் ‘எல்’ போடக் கூடாது. ப்ளக்கிலேயே ஃபியூஸ் உள்ள நாடுகளில் பயன்படும் பிஎஸ் 1362 (பிரிட்டிஷ் தரம்) வகை 6000 ஆம்பியரை அறுக்க வேண்டும் என்பது விதி. ஃபியூஸுக்குப் பதில் செம்பு உருளையைச் செருகும் வழக்கத்தை எங்கு கண்டாலும் உடனே கழற்றச் சொல்லுங்கள்.

விற்பவரிடம் இந்தக் குறியீடுகளும் ஐஇசி 60127 (சிறு ஃபியூஸ்களுக்கான சர்வதேசத் தரம்) தரச் சான்றும் அந்த ஃபியூஸின்மேல் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். உறையில் மட்டும் இருந்து உலோக மூடியில் இல்லையென்றால், எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அதை உங்கள் வீட்டு மெயின்ஸில் மாட்ட வேண்டாம்.