கடலைக் காப்பாற்று என்று யாருக்குப் பாடம் எடுக்கிறோம்?

தீவு டீச்சர்:
ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் ஊர்ப் பக்கம் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். சமீபத்தில் ஒரு பயிற்சியில் 'உருமாற்றக் கற்றல்' என்று சொன்னார்கள். பல வருடம் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்து 1978இல் அமெரிக்காவின் ஜாக் மெசிரோ சொன்ன விஷயம். தகவல் ஏறுவதால் மட்டும் ஆள் மாறுவதில்லை, இதுவரை சரி என்று நம்பியதே ஆட்டம் காண வேண்டும், அப்புறம் நாலு பேரோடு உட்கார்ந்து அதைப் பேசி யோசிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் மன்னார் வளைகுடாவில் 21 தீவு, கடல் அட்டை பிடிக்க 2001லிருந்து தடை என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள், சாயங்காலம் பாலித்தீன் பையைக் கரையிலேயே போடுகிறார்கள். குருசடைத் தீவுக்குக் கூட்டிப்போய்ச் செத்த பவளத்தைக் காட்டினால் மாறுவார்கள் என்று தோன்றுகிறது. என்ன சொல்கிறீர்கள்?

கச்சான்:
கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். செத்த பவளத்தை எங்கள் பிள்ளைக்கு நீங்கள் காட்ட வேண்டுமா? எங்கள் தாத்தா வீட்டுச் சுவரே பவளக்கல்தான். வெட்டினது நாங்கள், சரி, வாங்கினது சுண்ணாம்புக் காளவாய்க்காரன். 2010லும் 2016லும் பவளம் வெளுத்ததற்குக் கடல் சூடானது காரணம், அந்தச் சூடு எங்கள் வள்ளத்து மோட்டாரிலிருந்தா வந்தது? அப்புறம் அந்த வெளிநாட்டுக் கடல்பாசி, ஊரில் பெப்சிப் பாசி என்போமே, பிழைப்புக்கு நல்லது என்று படித்தவர்கள்தான் வளர்க்கச் சொன்னார்கள். அதுவே குருசடையில் பவளத்தின் மேல் படர்ந்துவிட்டதாக 2008இல் எழுதியதும் படித்தவர்கள்தான். அவர்களை யார் உருமாற்றினார்கள்?

தீவு டீச்சர்:
அதற்காகப் பாலித்தீன் சரியாகிவிடுமா?

பாசிக்காரி மகன்:
கச்சான் அண்ணே, பாதிதான் ஒத்துக்கொள்வேன். எங்கள் அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சுப் பிடித்து முங்கிப் பாசி எடுக்கிறவர். திரும்பி வந்தால் துணியைப் பிரிக்கும்போது நகத்தோரம் எல்லாம் வெள்ளையாக ஊறிப்போய் இருக்கும், அந்தக் கையோடுதான் சோறு போடுவார். ஒரு சமயம் சாக்கு நிறையவில்லை. அடுத்த தடவையும் நிறையவில்லை. அவரும் கூட வந்த பெண்களும் கரையில் உட்கார்ந்து, ஏன்டி குறையுது என்று பேசினார்கள், சண்டையும் போட்டார்கள், கடைசியில் மாதம் 12 நாள்தான் இறங்குவது, இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று வந்து நின்றது. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருது கிடைத்ததே, இந்தக் கதைதான். இவர்களை யாரும் சுற்றுலா கூட்டிப்போகவில்லை. டீச்சர் சொன்ன மெசிரோ சங்கதி இதுதானே? அவர் ஆராய்ந்ததும் வளர்ந்த பெண்களைத்தான். எட்டாம் வகுப்புப் பையனுக்குக் காலியான சாக்கு எது என்று முதலில் பாருங்கள்.

கச்சான்:
தம்பி, பன்னிரண்டு நாள் போக மீதி நாள் அடுப்பு எரிய வேண்டாமா? அதையும் பாடத்தில் சேர்க்கச் சொல்.

தீவு டீச்சர்:
காலியான சாக்கு என்றது உறைக்கிறது. செத்த பவளம் எனக்குத்தான் அதிர்ச்சி, நான் மதுரைக்காரி. சரி, குருசடை இருக்கட்டும். உங்கள் அம்மா ஒருநாள் வகுப்புக்கு வருவாரா?

பாசிக்காரி மகன்:
கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கேளுங்கள், வருவார். ஆனால் சும்மா பேசிவிட்டுப் போக மாட்டார். உங்கள் பள்ளிக்கூடத்துக் குப்பை எங்கே போகிறது என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்பார், பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவு டீச்சர்:
பின்பக்கம் ஓடையில் கொட்டுகிறார்கள். மழை பெய்தால் கடலுக்குத்தான்.