ஒன்பதில் சைபர்

செவ்வாய்க்கிழமை

அண்ணன்: ஆபரேஷனில் எடுத்த அப்பாவின் குடல் புற்றுக்கட்டிக்கு பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. லிம்ப் நோடு, அதாவது நிணநீர் முடிச்சு, 0/9: ஒன்பது பார்த்ததில் ஒன்றிலும் புற்று இல்லை. எதிலும் பரவவில்லை என்று போட்டிருக்கிறார்கள்.

குடவாசல் அத்தை: வைத்தீஸ்வரா, காப்பாற்றிவிட்டாய் 🙏🙏 அடுத்த செவ்வாய்க்கே கோவிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வர வேண்டும்.

வலங்கைமான் மாமா: அப்பாடா. இனி கீமோ அது இது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

கும்பகோணம் அக்கா: தம்பி, ரிப்போர்ட்டை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துப் போடு. சைபர் நல்ல செய்திதான், ஆனால் கீழே இருக்கிற ஒன்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

வலங்கைமான் மாமா: ஆரம்பித்துவிட்டாள்.

நான்: ஒன்பது என்றால் என்ன குறை அக்கா? ஒன்பதிலும் இல்லையே.

கும்பகோணம் அக்கா: குறைந்தது 12 பார்த்திருக்க வேண்டும்டா. 1990இல் சிட்னியில் நடந்த மாநாட்டில் சொன்ன கணக்கு, இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பார்த்து ஒன்றிலும் இல்லை என்றால் ஓரளவு நம்பலாம். ஒன்பது பார்த்து இல்லை என்றால், பார்த்த ஒன்பதில் இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். பெரியப்பாவுக்குக் கட்டி குடல் சுவரின் சதையைத் தாண்டிக் கொழுப்பு வரை வந்திருக்கிறது, T3 என்று போட்டிருக்கிறது பார். நோடில் இல்லை என்றால் இரண்டாம் கட்டம், ஒரே ஒரு நோடில் இருந்தாலும் மூன்றாம் கட்டம். வைத்தியமே மாறிவிடும்.

நான்: அப்போது சர்ஜன் சரியாக வெட்டி எடுக்கவில்லையா?

கும்பகோணம் அக்கா: அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியாது. சர்ஜன் நோடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பதில்லை. குடலையும் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களையும் சுற்றியிருக்கும் கொழுப்போடு சேர்த்து ஒரே துண்டாக எடுத்து, கெடாமல் இருக்க ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்புவார்கள். அந்தக் கொழுப்புக்குள் நோடைத் தேடுவது என்னை மாதிரி லேபில் இருப்பவர்களின் வேலை. கத்தியால் மெல்லிய பத்தைகளாக அறுத்து, ஒவ்வொரு பத்தையையும் விரலால் நசுக்கி நசுக்கிப் பார்க்க வேண்டும். கொழுப்பு மஞ்சளாக வழுக்கும், நோடு கொஞ்சம் சாம்பல் நிறமாக, கெட்டியாகத் தட்டுப்படும். பெரியது உடனே கிடைத்துவிடும், 3 மில்லிமீட்டர் 4 மில்லிமீட்டர் எல்லாம் பொறுமையாக உட்கார்ந்தால்தான் வரும். புற்று இருக்கிற நோடு பெரிதாகத்தான் இருக்கும் என்ற சட்டமும் கிடையாது. ஒரு நாளைக்கு வரிசையாகக் கேஸ் நிற்கும்போது கடைசி டப்பாவுக்கு யாருக்குப் பொறுமை இருக்கும், சொல் 😐

குடவாசல் அத்தை: அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

கும்பகோணம் அக்கா: அதேதான் அத்தை. வயதானவர்களுக்கு எண்ணிக்கை குறைவாகவே வரும், எடுத்த குடலின் நீளத்தைப் பொறுத்தும் மாறும், அதெல்லாம் உண்டு. ஆனால் பெரியப்பாவுக்கு எடுத்தது வலது பக்கக் குடல், அங்கே வழக்கமாக நிறையவே கிடைக்கும். அதனால்தான் கேட்கிறேன்.

அண்ணன்: இப்போது என்ன செய்வது, சொல்லு.

கும்பகோணம் அக்கா: மிச்சத் துண்டு ஃபார்மலின் டப்பாவில்தான் கிடக்கும், ஆனால் சில வாரங்கள்தான் வைத்திருப்பார்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள். நாளைக்கே சர்ஜனைப் பார்த்து, மிச்சக் கொழுப்பை மறுபடி தேடச் சொல்லி ஒரு சீட்டு வாங்கி லேபில் கொடு. ரிப்போர்ட் நம்பரைப் போட்டுக் கொடு.

வலங்கைமான் மாமா: போய்க் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வராதா? நாளைக்கும் அதே டாக்டரிடம்தானே போய் நிற்க வேண்டும்.

கும்பகோணம் அக்கா: வராது மாமா. எங்களுக்கே மாதத்துக்கு ஒன்றிரண்டு சீட்டு இப்படி வரும். திரும்ப உட்கார்ந்து தேடுவோம், கிடைத்தால் கூடுதல் ரிப்போர்ட் கொடுப்போம். சண்டை போடுகிற மாதிரிப் போகாமல் கேட்டால் போதும்.

அப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கட்டும். தேடச் சொல்லுங்கள். டப்பாவில் கிடப்பது என் குடல்தானே.

நான்: 😂

அடுத்த வாரம், புதன்

அண்ணன்: கூடுதல் ரிப்போர்ட் வந்துவிட்டது. இன்னும் எட்டு நோடு கிடைத்திருக்கிறது. மொத்தம் 1/17. அந்த ஒன்று 4 மி.மீ.

குடவாசல் அத்தை: ஐயோ.

வலங்கைமான் மாமா: நான் அன்றைக்கே சொன்னேன். தோண்டாமல் விட்டிருந்தால் மனுஷன் நிம்மதியாக இருந்திருப்பான்.

கும்பகோணம் அக்கா: மாமா, கோபப்படாமல் கேளுங்கள். அந்த நோடை ஆபரேஷன் அன்றே எடுத்தாகிவிட்டது, அது இப்போது பெரியப்பா உடம்பில் இல்லை. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதில் புற்று இருந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் சும்மா ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று மட்டும் போயிருப்போம். கண்ணுக்குத் தெரியாமல் வேறு எங்காவது நாலு செல் தங்கியிருந்தால் அதை அடிக்கத்தான் கீமோ, அந்த வாய்ப்பைத்தான் இழந்திருப்போம். புற்று இருக்கிற நோடு ஒன்று முதல் மூன்று வரை இருந்தால் N1 என்று போடுவார்கள், நாலு ஆகிவிட்டால் N2. ஒன்றோடு நின்றதே நல்லதுதான்.

அண்ணன்: கீமோ டாக்டரும் இதையேதான் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி, அதோடு இரண்டு வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. இப்படி நாலு சுற்று, மூன்று மாதத்தில் முடியும். ஆபரேஷன் முடிந்து எட்டு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டுமாம்.

நான்: முடி கொட்டுமா?

கும்பகோணம் அக்கா: இந்த மருந்தில் மொத்தமாகக் கொட்டுவது அபூர்வம். ஊசி போட்டுச் சில நாளைக்குக் குளிர்ச்சி ஆகாது. ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கும், ஃப்ரிட்ஜில் கை விட்டால் விரல் சுரீர் என்னும். மண்பானைத் தண்ணீரும் வேண்டாம், வெதுவெதுப்பாகக் கொடுங்கள். மாத்திரையைச் சாப்பாடு முடிந்து அரைமணிக்குள் போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடவே கூடாது. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரியலாம், தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சல் 100ஐத் தாண்டினால் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அப்பா: வயலுக்குப் போகலாமா? ஜூன் 12 மேட்டூர் திறந்துவிடுவான், குறுவைக்கு நாற்று விட வேண்டும்.

கும்பகோணம் அக்கா: வரப்பில் செருப்போடு நின்று ஆளை விரட்டலாம் பெரியப்பா. வெறுங்காலோடு சேற்றில் இறங்கினால் நானே வந்து திட்டுவேன்.

அப்பா: செருப்போடு வரப்பில் நின்றால் ஊர் சிரிக்கும்.

குடவாசல் அத்தை: சிரிக்கட்டும் அண்ணா.

வலங்கைமான் மாமா: குறுவையை என் பையன் பார்த்துக்கொள்வான். சம்பாவுக்குள் நாலு சுற்றும் முடிந்துவிடும், அதைச் சார் பார்த்துக்கொள்ளட்டும். முதல் ஊசி என்றைக்கு?

அண்ணன்: திங்கள். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மாமா, உங்கள் கார் கிடைக்குமா? காப்பீட்டு அட்டையும் பழைய ரிப்போர்ட் இரண்டும் என்னிடம் இருக்கிறது.

வலங்கைமான் மாமா: அஞ்சு மணிக்கு வாசலில் நிற்பேன். ஏசி போட மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.