கையால் செய்த பேஸ் கிட்டார்: 12ஆம் பிரெட்டில் சுருதி ஏறி நிற்கிறது, உதவி தேவை

தானேபலா:

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து, ஒன்றரை வருடத்தில் ஒரு நாலு தந்தி பேஸ் கிட்டாரை முடித்திருக்கிறேன். எனக்கு இதுதான் முதல் கருவி. பார்க்க நான் நினைத்ததைவிட நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் சுருதி சேரவில்லை.

உடல் பலா மரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பண்ருட்டித் தோப்பில் விழுந்த மரங்களில் ஒன்று. விறகுக்குக் கொடுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. பலகையாக அறுத்து மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டார். அத்தனை வருடமும் காற்றாடக் காய்ந்த பலகை அது. வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்து, இரண்டு துண்டாக ஒட்டி, 44 மி.மீ. கனத்துக்கு இழைத்தேன். கழுத்து தேக்கு. விரல்பலகை, உடைந்துபோன பழைய ஈட்டி மரக் கட்டிலின் சட்டம். தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். விரல்பலகையின் குறுக்கே 20 பிரெட், அதாவது உலோகக் கம்பிகள். பிரெட் கோடுகளை அளவுத்தாள் ஒட்டி அறுத்தேன். பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் தகடு), பிக்கப் (தந்தியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் காந்தம்), டிரஸ் ராடு (கழுத்துக்குள் ஓடும் இறுக்குக் கம்பி) மூன்றும் கடையில் வாங்கியவை.

பிரச்சினை இதுதான். ஈ தந்தியைச் சும்மா மீட்டிச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு 12ஆம் பிரெட்டில் அழுத்தினால் 19 சென்ட் (நூறு சென்ட் ஓர் அரைச்சுரம்) ஏறி இருக்கிறது. மற்ற மூன்றிலும் ஏற்றம் உண்டு, கொஞ்சம் குறைவு. பிரிட்ஜில் தந்தி உட்காரும் நான்கு சாடில்களையும் பின்னால் எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளிவிட்டேன், இனி இடமில்லை. இதோடு ஆம்பில் ஓர் உறுமலும் இருக்கிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தை மாதக் கடைசியில் நண்பர்கள் கூடும் ஓர் இசை நிகழ்ச்சியில் இதை மேசையில் வைத்துக் காட்டவும், இரண்டு பாட்டுக்கு வாசிக்கவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் சரிசெய்ய முடியுமா? பிரெட் இடங்களே தப்பாகப் போயிருக்குமோ என்று இரவில் தூக்கம் வரவில்லை.

நாலுதந்தி:

முதலில் வாழ்த்துகள். பலா மரத்தில் பேஸ் இப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறேன்.

பிரெட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் சில சின்ன விஷயங்களைப் பாருங்கள். தந்தி புதியதா? ஈ தந்தியின் அடிச்சுருதி 41.2 ஹெர்ட்ஸ்தான், போனில் இருக்கும் டியூனர் அதைப் பிடிக்கத் திணறும். 12ஆம் பிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எடுத்து, அதையும் அதே பிரெட்டில் அழுத்தி வரும் ஒலியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே ஸ்தாயி, டியூனர் தடுமாறாது.

அடுத்தது ஆக்‌ஷன். தந்தி உயரமாக இருந்தால் அழுத்தும்போது இழுபட்டு சுருதி ஏறும். முதல் பிரெட்டிலும் கடைசி பிரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு 7ஆம் பிரெட்டில் இடைவெளி பாருங்கள். 0.3, 0.4 மி.மீ. இருந்தால் சரி. அதைவிட அதிகமென்றால் டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நான்கு தந்தியும் சேர்ந்து 70, 80 கிலோ இழுவை. புதுக் கழுத்து அதற்குப் பழக நேரம் எடுக்கும்.

தானேபலா:

மூன்று நாள் ஆயிற்று, மன்னிக்கவும். தந்தி புதியது, 45-105 கன அளவுக் கட்டு. கழுத்து வளைவு 0.8 இருந்தது, 0.35க்குக் கொண்டுவந்தேன். ஈ தந்தியின் உயரம் 12ஆம் பிரெட்டில் 3.2 மி.மீ., அதை 2.4 ஆக்கினேன். நீங்கள் சொன்ன மாதிரி ஹார்மோனிக்கோடு ஒப்பிட்டேன். இப்போதைய ஏற்றம்: ஈ 13, ஏ 9, டி 7, ஜி 5. குறைந்திருக்கிறது, ஆனால் சாடில் இன்னும் கடைசியிலேயே நிற்கிறது.

மெழுகுமேளம்:

தம்பி, நான் வீணை வேலை பார்க்கிற குடும்பம். கிட்டாரும் ரிப்பேர் செய்வேன். பலா என்றதும் படிக்க உட்கார்ந்துவிட்டேன், எங்களுக்கு அதுதானே மரம்.

வீணையில் இந்தத் தொல்லை வந்தால் வழி வேறு. அங்கே மெட்டுகள், அதாவது வீணையின் பிரெட்டுகள், மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கும். மெழுகை இளக்கி, காதால் கேட்டு, மெட்டை நகர்த்தி மறுபடி பதித்துவிடுவோம், மேளம் கட்டுவது என்போம். உங்கள் கருவியில் பிரெட் மரத்துக்குள் அடித்து இறங்கிவிட்டது, அது அசையாது. அதனால் இரண்டு முனைகளைத்தான் பார்க்க முடியும்: தலைப்பக்கம் தந்தி உட்காரும் பள்ளங்கள் உள்ள நட், உடல்பக்கம் பிரிட்ஜ். தப்பு எந்த முனையில் என்று டியூனரே சொல்லிவிடும்.

1, 2, 3ஆம் பிரெட்டுகளில் அதிகமாக ஏறி, மேலே போகப் போகக் குறைந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. கீழே சரியாக இருந்து, மேலே போகப் போக ஏற்றம் கூடினால் பிரிட்ஜ் கிட்டே வந்துவிட்டது. 1, 5, 12, 19 நான்கிலும் அளந்து போடுங்கள்.

இன்னொன்று, ஸ்டீல் ஸ்கேலால் அளந்து சொல்லுங்கள். நட்டின் முன்முகத்திலிருந்து, அதாவது விரல்பலகைப் பக்கம் பார்க்கும் முகத்திலிருந்து, 12ஆம் பிரெட்டின் உச்சி வரை எவ்வளவு? அங்கிருந்து ஈ சாடிலின் உச்சி வரை எவ்வளவு? இஞ்ச் டேப் வேண்டாம். அதன் கொக்கி ஒரு மி.மீ. ஆடும்.

தானேபலா:

அண்ணா, அளந்தேன்.

ஈ தந்தியில் 1ஆம் பிரெட் 11 சென்ட் ஏற்றம், 5ல் 6, 12ல் 13, 19ல் 26.

நட்டின் முன்முகத்திலிருந்து 12ஆம் பிரெட் சரியாக 432 மி.மீ. அங்கிருந்து ஈ சாடில் 431. சாடில் முழுக்கப் பின்னால் இருக்கும்போதே இவ்வளவுதான்.

காரணமும் தெரிந்துவிட்டது. பிரிட்ஜுக்கு ஓட்டை போட்ட அன்று டேப்பின் கொக்கியை நட்டின் பின்விளிம்பில் மாட்டி 34 அங்குலம் அளந்திருக்கிறேன். நட்டின் கனம் 5 மி.மீ. அந்த 5 மி.மீ. அப்படியே போய்விட்டது.

மெழுகுமேளம்:

அப்படியென்றால் நல்ல செய்தி. 34 அங்குலம் என்பது 863.6, அதில் பாதி 431.8. உங்கள் 12ஆம் பிரெட் அங்கேயே இருக்கிறது. பிரெட் வேலையில் தப்பில்லை, இன்றைக்குத் தூங்குங்கள்.

உங்கள் கருவியில் இரண்டு தப்பு சேர்ந்திருக்கிறது. 1ஆம் பிரெட்டில் வரும் 11 நட்டின் தப்பு. 12லும் 19லும் கூடிக்கொண்டே போவது பிரிட்ஜின் தப்பு.

நட்டை முதலில் முடியுங்கள். 3ஆம் பிரெட்டில் அழுத்திப் பிடித்தால் 1ஆம் பிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். அரத்தால் இரண்டு இழுப்பு, தந்தியை மாட்டிப் பார், மறுபடி இரண்டு இழுப்பு. பள்ளம் தலைப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும், தந்தி நட்டின் முன்முகத்தில்தான் உட்கார வேண்டும். அதிகம் ராவிவிட்டால் புது நட்டுதான், அவசரம் வேண்டாம்.

பிரிட்ஜ் கணக்கு இது. 34 அங்குலக் கருவியில் சாடிலை 1 மி.மீ. பின்னே தள்ளினால் 12ஆம் பிரெட்டில் ஏறக்குறைய 2 சென்ட் இறங்கும். உங்களுக்கு ஈ தந்தியில் 13 இறங்க வேண்டும், அதாவது 6.5 மி.மீ. ஜி தந்திக்கு 2.5 போதும். கனமான தந்தி வளைய மறுக்கும், அதனால் அதற்குத்தான் அதிகம் விட வேண்டும். சாடிலின் மொத்த ஓட்டம் எவ்வளவு?

தானேபலா:

8 மி.மீ.

நாலுதந்தி:

சாடிலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் 2, 3 மி.மீ. கிடைக்குமே? அல்லது நட்டை 5 மி.மீ. முன்னால் கொண்டுவந்து வைத்தால் உடலில் கைவைக்கவே வேண்டாம். நிகழ்ச்சிக்கு நாள் வேறு குறைவு.

மெழுகுமேளம்:

ஸ்பிரிங்கை எடுத்தால் ஜி தந்திக்குச் சரியாகும், ஈ தந்திக்குப் பாதிதான். ஸ்பிரிங் இல்லாத சாடில் கிடுகிடுவென்று அதிரவும் செய்யும்.

நட்டை முன்னே கொண்டுவருவது கூடவே கூடாது. 12ல் சரியானது போலத் தெரியும். ஆனால் கீழ் பிரெட்டுகள் எல்லாம் 10 சென்ட் அளவுக்கு இறங்கிவிடும், பேஸ் வாசிப்பவர் பெரும்பாலும் இருப்பதே அங்கேதான். நட்டுக்கும் முதல் பிரெட்டுக்கும் நடுவே உங்கள் அளவில் 48.5 மி.மீ. இருக்க வேண்டும். அதில் கைவைத்தால் சரியாக அறுத்த இருபது பிரெட்டும் வீண்.

பிரிட்ஜைக் கழற்றி 9 மி.மீ. பின்னால் வையுங்கள். 6.5 போதுமே என்று தோன்றும். 9 வைத்தால் சாடில் ஓட்டத்தின் நடுவில் நிற்கும், நாளைக்கு வேறு கனத்தில் தந்தி போட்டாலும் முன்னும் பின்னும் இடம் இருக்கும். பழைய ஓட்டை ஐந்தும் தகட்டுக்கு அடியிலேயே மறைந்துவிடும்.

ஓட்டையை அடைக்கும் விதத்தைக் கவனியுங்கள். கடையில் விற்கும் உருண்டைக் குச்சியை இறக்காதீர்கள். அதில் மரத்தின் ரேகை நெட்டுக்குத்தாக நிற்கும், ஸ்க்ரூ பிடிக்காது. அறுத்த பலாவில் மிச்சத் துண்டு இருக்குமே, அதன் பலகை முகத்திலிருந்து 8 மி.மீ. முளை வெட்டி, ரேகை உடலின் ரேகையோடு ஒரே திசையில் போகிற மாதிரி பசை வைத்து இறக்குங்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு 2.5 மி.மீ. பிட்டால் முன்னோட்டை. ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் தேன்மெழுகு தடவி முடுக்கினால் பலா வெடிக்காது.

ஓட்டை போடுவதற்கு முன், ஈ தந்தியும் ஜி தந்தியும் போகிற வழியில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை நூல் இழுத்து, கழுத்தின் இரு விளிம்பிலிருந்தும் ஒரே தூரத்தில் போகிறதா என்று பாருங்கள். இந்தத் தடவை சாடிலை முழுக்க முன்னால் தள்ளி வைத்து, அதுவரை 432ஐ 12ஆம் பிரெட்டிலிருந்து அளங்கள், நட்டிலிருந்து வேண்டாம்.

நாலுதந்தி:

நட்டைப் பற்றி நான் சொன்னது தவறு, நன்றி அண்ணா.

ஓட்டை அடைக்க வேண்டியிருக்கிறதே என்று தானேபலா வருத்தப்பட வேண்டாம். குயீன் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த ரெட் ஸ்பெஷல் கிட்டாரின் கழுத்து, பழைய கணப்படுப்பு ஒன்றின் மேல்சட்டத்திலிருந்து வந்தது. அதில் இருந்த புழு ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்துத்தான் அடைத்தார்கள். தொழிற்சாலைக் கருவிகளிலும் இந்தச் சுருதிச் சிக்கல் இருந்தது. 1951ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் நாலு தந்திக்கு இரண்டே சாடில், இரண்டு தந்தி ஒன்றைப் பகிர்ந்துகொண்டன. தந்திக்கு ஒரு சாடில் 1957ல்தான் வந்தது.

சாலிடர்:

அந்த உறுமலைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. தந்தியைத் தொட்டால் குறைகிறதா? ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால்?

தானேபலா:

தந்தியைத் தொட்டால் மாற்றமே இல்லை. ஜாக்கைத் தொட்டால் நன்றாகக் குறைகிறது.

சாலிடர்:

அப்படியானால் எர்த் ஒயர் பிரிட்ஜோடு சேரவில்லை. எப்படியும் பிரிட்ஜைக் கழற்றப்போகிறீர்கள், அடியில் பாருங்கள். ஒயர் முனையில் வார்னிஷ் படிந்திருக்கலாம், அல்லது நசுங்கி ஒடிந்திருக்கலாம். முனையை ஒரு அங்குலம் உரித்து, விசிறியாகப் பிரித்து, தகட்டின் அடியில் உப்புத்தாள் தேய்த்த இடத்தில் படியவையுங்கள். மாட்டியதும் மல்டிமீட்டரில் தந்திக்கும் ஜாக்கின் வெளிக்குழலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்ஜ் 9 மி.மீ. நகர்வதால் ஒயர் நீளம் போதுமா என்பதையும் முதலிலேயே கவனியுங்கள்.

முக்கியமான ஒன்று. இதைச் சரிசெய்ததும் உங்கள் விரலும் ஆம்பின் எர்த்தும் ஒரே கம்பியில் இருக்கும். ஆம்பை மூன்று முள் பிளக்கில், எர்த் உண்மையாகவே இருக்கும் சாக்கெட்டில் மட்டும் போடுங்கள். நிகழ்ச்சி நடக்கும் இடத்திலும் வாசிப்பதற்கு முன் ஒருமுறை எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். மைக்கில் உதடு பட்டு ஷாக் அடிப்பதும் இந்தத் தப்பால்தான்.

தானேபலா:

முடித்துவிட்டேன்.

நட்டுக்கே இரண்டு மாலை போனது. இப்போது 1ஆம் பிரெட் 3 சென்ட். பிரிட்ஜைக் கழற்றினால், எர்த் ஒயர் முனை வார்னிஷுக்குள் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. சுரண்டிப் படியவைத்தேன், உறுமல் போய்விட்டது. முளைகளைப் பரணில் கிடந்த அதே மரத்தின் துண்டிலிருந்து வெட்டினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ரேகை திசை பார்த்துக் கொடுத்தார்.

9 மி.மீ. பின்னால் வைத்துத் தந்தி மாட்டி, ஒரு நாள் விட்டு அளந்தேன். 12ல் ஈ 1, மற்ற மூன்றும் 0. ஈ சாடில் ஓட்டத்தின் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் நிற்கிறது. 19ல் 2. மொத்த எடை 4.4 கிலோ, வாரை மாட்டினால் தலைப்பக்கம் சாயவில்லை.

பிரிட்ஜின் முன்னால் 9 மி.மீ. பட்டை ஒன்று மட்டும் புது மஞ்சளாகத் தெரிகிறது. தகட்டின் நிழலில் இருந்த இடம். அதற்கு ஏதாவது பூச வேண்டுமா அண்ணா?

மெழுகுமேளம்:

எதுவும் பூசாதீர்கள். பலா வெளிச்சம் பட்டால் தானே பழுக்கும். ஜன்னலோரம் வைத்திருங்கள், வெயில் நேராக விழாமல். மற்ற இடத்தின் நிறத்துக்கு அதுவும் வந்து சேரும்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஈ தந்தியின் திறந்த ஒலியை மட்டும் பதிவு செய்து போடுங்கள் தம்பி. அந்த மரம் 41 ஹெர்ட்ஸில் எப்படிப் பேசுகிறது என்று கேட்க வேண்டும். வீணையில் அவ்வளவு கீழே நாங்கள் போவதே இல்லை.

தானேபலா:

கட்டாயம் போடுகிறேன். பரணில் இன்னும் இரண்டு பலகை இருக்கிறது. ஒன்று பிளவில்லாமல் 50 மி.மீ. கனத்தில் கிடைத்தது, அதில் ஐந்து தந்தி வரைந்து வைத்திருக்கிறேன்.