ஏலத்தில் வின்செஸ்டர் 1890: விலை கேட்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி
வணக்கம். ஒஹாயோவில் வசிக்கிறேன். வேறொரு மாநிலத்தில் நடக்கவிருக்கும் ஏலத்தில் வின்செஸ்டர் 1890 ஒன்று வருகிறது. பிரௌனிங் சகோதரர்கள் வடிவமைத்த அந்தப் பம்ப் (முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும்) துப்பாக்கிமேல் எனக்கு நெடுநாள் ஆசை. எண்கோணக் குழல், இரண்டாகக் கழற்றும் வகை. விவரக் குறிப்பில் ‘பாயிண்ட் 22, நல்ல நிலை’ என்பதோடு சரி. படத்தில் உலோகம் புதிதுபோலக் கருநீலமாக மின்னுகிறது. சேகரிப்புக்குத்தான், என்றாலும் எப்போதாவது சுட்டுப் பார்ப்பேன். ஏல நிறுவனத்திடம் எதைக் கேட்க வேண்டும்?

பதில் 1
‘பாயிண்ட் 22’ என்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஷார்ட், லாங், டபிள்யூ.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம்ஃபயர்), பின்னாளில் லாங் ரைபிள் என ஒவ்வொரு தோட்டாவுக்கும் இது தனித்தனியாகச் செய்யப்பட்டது. எதற்கானது என்பது குழலின்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டபிள்யூ.ஆர்.எஃப். என்றிருந்தால், கடையில் கிடைக்கும் லாங் ரைபிள் தோட்டாவைத் தயவுசெய்து போடாதீர்கள். குழலில் தோட்டா அமரும் அறை அதற்கு அகலம். பித்தளைக் கூடு உப்பிப் பிளந்துவிடும், வாயு பின்னால் சுடுபவர் பக்கம் பீறிடும்.

பதில் 2
எனக்கு அந்த மினுமினுப்புதான் உறுத்துகிறது. 1932-இல் வின்செஸ்டரின் மாடல் 62 வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தனை காலம் கைபட்ட துப்பாக்கி தேயாமல் இருந்தால், யாரோ பட்டை தீட்டி மறுபடி நிறமேற்றியிருக்க வாய்ப்பு அதிகம். எண்கோணத்தின் மூலைகள் கூர்போய் உருண்டிருக்கின்றனவா, பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, திருகுத் துளைகளின் வாய் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மறுநிறம் ஏற்றியது என்றால் சேகரிப்பாளரிடம் மதிப்பு பாதியாகக்கூட இறங்கும். இயல்பாகப் பழுப்பேறியதை நான் மகிழ்ச்சியோடு வாங்குவேன்.

இன்னொன்று, அறையின் வாயோரத்தில் சிறு பள்ளம் இருக்கிறதா என்று கேளுங்கள். தோட்டா இல்லாமல் விசையை இழுத்து இழுத்து, தோட்டாவை அடிக்கும் ஊசி அங்கே குத்திய தழும்பு அது. அது இருந்தால் சுட்ட கூடு வெளியே வராமல் சிக்கும்.

பதில் 3
குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருக்கிறதா? ஏல நிறுவனம் நேரே உங்கள் வீட்டுக்கு அனுப்பாது. உங்கள் ஊரில் உரிமம் பெற்ற வணிகருக்குத்தான் வரும். அங்கே துப்பாக்கி வாங்குவோருக்கான கூட்டரசின் 4473 படிவம் நிரப்ப வேண்டும். 1898 அல்லது அதற்கு முன் செய்ததைக் கூட்டரசுச் சட்டம் பழம்பொருளாக விட்டுவிடுகிறது, மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம்.

கேட்டவர்
நன்றி. எச்1பி விசாவில் இருக்கிறேன். வரிசை எண்ணைப் பார்த்தால் 1898-க்குப் பிந்தியது. படமும் வந்துவிட்டது: டபிள்யூ.ஆர்.எஃப்., எழுத்துகள் மங்கல், மூலைகள் உருண்டிருக்கின்றன.

பதில் 3
அப்படியானால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இல்லாமல் விலை கேட்கவே வேண்டாம். தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டரசுக் குற்றம், அந்த உரிமம் முக்கியமான விதிவிலக்கு. மாட்டினால் விசாவுக்கே ஆபத்து. வணிகரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பதில் 2
மறுநிறம் உறுதி. அசல் துப்பாக்கியின் விலையைக் கொடுக்காதீர்கள். ஏலம் 800 டாலரில் முடிந்து, வாங்குபவர் கட்டணம் 20 விழுக்காடு என்றால் அதுவே 960. வரி, அனுப்பும் செலவு, வணிகர் கட்டணம் தனி. எல்லாவற்றையும் கழித்துவிட்டு உங்கள் உச்ச விலையை வையுங்கள். இதைவிட நல்ல 1890 இன்னும் நிறைய வரும்.