தண்டுவடத்தில் அடிபட்டுப் பல ஆண்டுகள் கழித்துக் கையில் சூடு தெரியாமல் போகுமா?

கேள்வி:
என் அண்ணன் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் மார்புப் பகுதித் தண்டுவடம் அடிபட்டு, பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். கைகள் இதுவரை நல்ல வலுவோடு இருந்தன. சில மாதங்களாக, இருமினாலோ தும்மினாலோ கழுத்திலிருந்து இடது தோள்வரை சுரீரென்று வலிக்கிறது என்கிறார். அண்மையில், கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை இடது கையில் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்தார். விரல்களில் கொப்புளம் எழுந்த பிறகுதான் கவனித்தோம். ஆனால் அதே விரலைத் தொட்டால் அவருக்குத் தெரிகிறது. நாற்காலியைத் தள்ளித் தள்ளி வந்த தோள் தேய்மானம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பழைய காயம் இப்போது மேலே ஏறுமா?

மறுமொழி 1:
ஏறக்கூடும். மறுவாழ்வு மருத்துவத்தில் பணிபுரிகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொடுவுணர்ச்சி இருக்க, சூடும் வலியும் மட்டும் மறைவதற்குத் தோள் தேய்மானம் காரணமாக முடியாது. அடிபட்ட இடத்தில் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சவ்வுகள் தழும்பாகி ஒட்டிக்கொள்ளும்போது மூளைத் தண்டுவடத் திரவத்தின் ஓட்டம் தடைபட்டு, தண்டுவடத்துக்கு உள்ளேயே திரவம் நிறைந்த ஒரு குழி உருவாகி மெல்ல மேல்நோக்கி நீளலாம். இதற்குச் சிரிங்கோமையிலியா என்று பெயர். சூட்டையும் வலியையும் உணர்த்தும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுப்பகுதி வழியாகவே மறுபக்கம் கடப்பதால் அவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. அடிபட்ட சில மாதங்களிலும் வரலாம், இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் வரலாம். முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து, நரம்பியல் அறுவை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள். முதுகில் டைட்டானியக் கம்பி இருந்தாலும் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், கம்பி இருக்கும் இடத்தில் மட்டும் படம் சற்றுக் கலங்கும்.

மறுமொழி 2:
எனக்கும் இதே நிலை வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். ஒட்டியிருந்த தழும்பைப் பிரித்துவிட்டு, திரவம் ஓடுவதற்கு இடம் கிடைக்கும்படி வெளிச்சவ்வை ஒட்டுத்துண்டு வைத்து அகலப்படுத்தினார்கள். விரல்களின் பலம் குறைந்துகொண்டே வந்தது அதோடு நின்றது. வலி குறைந்ததே தவிர முழுமையாகப் போகவில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இழந்த உணர்ச்சி திரும்புமா? குழாய் வைப்பதாகவும் சொல்கிறார்களே?

மறுமொழி 1:
மேலும் இழக்காமல் தடுப்பதே சிகிச்சையின் முதல் நோக்கம். சிலருக்குப் பலம் ஓரளவு திரும்புகிறது. உணர்ச்சி திரும்பும் என்று உறுதி கூற இயலாது. ஷன்ட் எனப்படும் குழாயால் குழியிலுள்ள திரவத்தை வடிப்பதும் உண்டு, ஆனால் அது நாளடைவில் அடைத்துக்கொண்டு மறு அறுவைக்குக் கொண்டுபோவது அரிதன்று. ஆகவே பிரிக்கக்கூடிய தழும்பு இருந்தால் அதைப் பிரிப்பதையே நான் முதலில் கருதுவேன். மருத்துவரைப் பார்க்கும்வரை அண்ணன் பாரம் தூக்க வேண்டாம். முக்கி மலம் கழிக்கும் நிலையும் வராமல் மலச்சிக்கலைக் கவனியுங்கள், ஏனெனில் முக்கும்போது ஏறும் அழுத்தம் குழியை நீளச் செய்யலாம். சூடான பாத்திரத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். குரல் கம்மினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, முன்பதிவு நாளுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.